கரைக்கு வரும் செய்தியும் கணிப்பொறி மாதிரியும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

முன்னுரை

“விஞ்ஞான வளர்ச்சியால் உலகமே சுருங்கிவிட்டது” என்று நாம் தேர்வுக்குத் தேர்வு எழுதி மதிப்பெண் பெறுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் சென்ற கார்த்திகை மாதத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி, அந்த வாக்கியத்தைப் பற்றி என்னைச் சிந்திக்க வைத்தது.

நான் விடுதியில் தங்கிப் படிப்பவள். என் ஊர் சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில், பழவேற்காட்டைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களுள் ஒன்று. ஒரு சனிக்கிழமை நான் வீட்டுக்குப் போனபோது, அப்பா திண்ணையில் அமர்ந்து கிழிந்த வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை விடியற்காலையில் படகு முகத்துவாரத்தைத் தாண்டும்போது பெரிய அலை எழும்பி, படகு மணல் திட்டில் தட்டிவிட்டதாம். ஆள்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலையில் பாதி போய்விட்டது.

அவருடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். அதே வியாழக்கிழமை விடியற்காலை 3 மணி 40 நிமிடத்துக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. காற்று பலமாக வீசும், அலை உயரும், கடலுக்குப் போக வேண்டாம் என்று அதில் இருந்தது. எல்லாம் ஆங்கிலத்தில்!

“அப்பா, இதைப் பாக்கலியா?” என்று கேட்டேன்.

“பாத்தேம்மா. இங்கிலீசுல இருந்திச்சி. ரீசார்ஜ் பண்ணச் சொல்றான்னு நெனச்சி வுட்டுட்டேன்” என்றார்.

செய்தி அப்பாவின் கைப்பேசி வரைக்கும் வந்தது. அப்பா வரைக்கும் வரவில்லை. ஒரே எச்சரிக்கையை அவரவர் மொழியில், அவரவர் கையிலுள்ள கருவியில் கொண்டு சேர்க்க வழியே இல்லையா? திங்கட்கிழமை எங்கள் கணிப்பொறி ஆசிரியையான சகோதரியிடம் கேட்டேன். “வழி இருக்கிறது. அதற்கு முதலில் மாதிரி என்றால் என்ன என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்” என்று சொல்லி, பல மாலை வேளைகளில் எனக்கு விளக்கினார். நான் கற்றுக்கொண்டதை என் தோழியருக்கும் பெற்றோருக்கும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பாடு முறை

கணிப்பொறிக்குப் போகுமுன் எங்கள் ஏரிக்கு வாருங்கள். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு ஏரிதான். தமிழ்நாட்டிலும் ஆந்திரப் பிரதேசத்திலும் பரந்து கிடக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு அதைக் கடலிலிருந்து பிரிக்கிறது. இறாலும் நண்டும் மடவையும் இந்த ஏரி எங்களுக்குத் தரும் செல்வம்.

ஏரி பெரிதானாலும் நல்ல மீன்பாடு கிடைக்கும் இடங்கள் சிலவே. எல்லாரும் அங்கேயே வலை போட வந்தால் சண்டைதான் மிஞ்சும். ஆகவே முன்னோர் ‘பாடு’ என்ற முறையை ஏற்படுத்தினார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் இம்முறை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. உரிமை உள்ளவர்கள் தலைக்கட்டுக் கணக்கில் பட்டியலில் இருப்பார்கள். எந்தெந்த இடம், எந்தெந்தக் குழு, எந்த வரிசை என்பதைக் கூடிப் பேசியும் குலுக்கல் போட்டும் முடிவு செய்வார்கள். பிறகு முறை சுற்றிச் சுற்றி வரும்.

இதில் ஓர் அழகைக் கவனியுங்கள். “இன்றைக்கு யார், எங்கே வலை போடுவது?” என்று ஒவ்வொரு நாள் காலையிலும் புதிதாக யாரும் விவாதிப்பதில்லை. விதி ஓரிடத்தில் இருக்கிறது. அன்றன்றைய முறை அந்த விதியிலிருந்து தானே பிறக்கிறது. பட்டியலில் புதிதாக ஒருவர் சேர்ந்தால் பட்டியலை மட்டும் திருத்தினால் போதும். அதன்பின் வரும் எல்லா நாள்களின் முறையும் அதற்கேற்ப மாறிவிடும்.

“உங்கள் ஊர்ப் பெரியவர்கள் செய்து வைத்திருப்பது ஒரு மாதிரிதான்” என்று சகோதரி சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

மாதிரி வழி மென்பொருள் என்றால் என்ன?

கணிப்பொறியோ கைப்பேசியோ தானாக ஒன்றும் செய்யாது. ஒவ்வொரு வேலைக்கும் கட்டளைகளை வரிசையாக எழுதித் தர வேண்டும். அதை நிரல் என்கிறோம். நிரல்களின் தொகுப்பே மென்பொருள்.

ஓர் எச்சரிக்கையைக் குறுஞ்செய்தியாக அனுப்ப ஒரு நிரல், வானொலி நிலையத்துக்கு அனுப்ப இன்னொரு நிரல், கைப்பேசிச் செயலிக்கு ஒன்று, கடற்கரையில் சங்கு ஒலிக்க மற்றொன்று என்று தனித்தனியாகக் கையால் எழுதுவது ஒரு வழி. பிறகு ஒருநாள், “எச்சரிக்கை எத்தனை மணி வரை செல்லும் என்பதையும் சேர்க்க வேண்டும்” என்று ஒரு மாற்றம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லா நிரல்களையும் திருத்த வேண்டும். ஒன்றில் மறந்துவிட்டால் வானொலி ஒன்று சொல்லும், கைப்பேசி வேறொன்று சொல்லும்.

மாதிரி வழியில் வேலை வேறு விதமாக நடக்கிறது. முதலில் எந்த இயந்திரத்தையும் பற்றி நினைக்காமல் ஒரு படம் வரைகிறார்கள். எச்சரிக்கை என்றால் அதில் என்னென்ன இருக்க வேண்டும், யார் அனுப்பலாம், எந்த இடத்துக்கு, எந்த மொழியில், எப்போது முடியும், எதை மாற்றினால் எது மாற வேண்டும் என்றெல்லாம் அந்தப் படத்தில் குறிக்கிறார்கள். இதுவே மாதிரி. பிறகு, “இந்த மாதிரியைக் குறுஞ்செய்தியாக்க இது வழி, வானொலிக் குறிப்பாக்க இது வழி” என்று மாற்று விதிகளை எழுதுகிறார்கள். அந்த விதிகளைக் கொண்டு நிரலின் பெரும்பகுதியைக் கணிப்பொறிக் கருவியே உண்டாக்கித் தருகிறது. திருத்தம் வந்தால் மாதிரியைத் திருத்தி, நிரலை மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாம்.

நம் தையல் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் அளவெடுத்துக் காகிதத்தில் வெட்டிக்கொள்கிறோம். அந்தக் காகிதத்தை வைத்துப் பருத்தியிலும் வெட்டலாம், பட்டிலும் வெட்டலாம். கழுத்தளவு தவறானால் காகிதத்தைத் திருத்த வேண்டும். துணிகளை ஒவ்வொன்றாகத் திருத்துவது வீண் வேலை அல்லவா?

இத்தகைய படங்களை எல்லா நாட்டாரும் ஒரே விதமாக வரைவதற்கு ‘யூ.எம்.எல்.’ என்ற வரைமொழியை ‘ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப்’ என்ற சர்வதேச அமைப்பு 1997ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. இயந்திரம் சாராத மாதிரி ஒன்று, அதிலிருந்து இயந்திரத்துக்கேற்ற மாதிரி ஒன்று, அதிலிருந்து நிரல் என்னும் படிமுறையை அதே அமைப்பு 2001ஆம் ஆண்டில் அறிவித்தது.

தொலைபேசி நிலையம் தந்த பாடம்

செய்தித் தொடர்புத் துறையில் இந்த எண்ணம் இதற்கும் முந்தியது. ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், தொலைபேசி நிலையங்களின் நடத்தையைப் படமாக வரைவதற்கு ‘எஸ்.டி.எல்.’ என்ற மொழியை 1976ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது.

ஒரு தொலைபேசி எப்போதும் ஏதாவது ஒரு நிலையில் இருக்கிறது. சும்மா இருக்கும் நிலை, எடுத்ததும் ஒலி கேட்கும் நிலை, எண்ணைச் சுழற்றும் நிலை, எதிர்முனையில் மணி அடிக்கும் நிலை, பேசும் நிலை, வைத்துவிட்டால் மீண்டும் சும்மா இருக்கும் நிலை. ஒவ்வொரு நிலையையும் கட்டமாக வரைந்து, எது நடந்தால் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்று கோடிட்டால் அதுவே மாதிரி. மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டவர் வைத்துவிட்டால் என்ன ஆகும்? அதற்குக் கோடு வரையப்படவில்லையென்றால் எதிர்முனையில் மணி நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கும்! அந்தக் குறை, நிலையத்தைக் கட்டி முடிக்கும் முன்பே காகிதத்தில் தெரிந்துவிடுகிறது. இதுதான் மாதிரியின் பெரும் பயன்.

நம் நாட்டில் கிராமங்களுக்குத் தொலைபேசி கொண்டுபோக 1984ஆம் ஆண்டில் ‘சி-டாட்’ என்ற அரசு ஆய்வு மையம் தோன்றியது. குளிர்சாதன வசதி இல்லாமலே வேலை செய்யக்கூடிய 128 இணைப்புகள் கொண்ட சிறு தொலைபேசி நிலையத்தை அது உருவாக்கியது. 1986ஆம் ஆண்டு ஜூலை மாதம் கர்நாடகத்திலுள்ள கிட்டூரில் அது முதலில் நிறுவப்பட்டது. இதே சி-டாட்டை இக்கட்டுரையில் இன்னொரு முறை சந்திப்போம்.

எச்சரிக்கைக்கு ஒரு மாதிரி

இப்போது அப்பாவின் குறுஞ்செய்திக்குத் திரும்புவோம். உலகெங்கும் எச்சரிக்கைகளுக்கென்றே ஒரு பொது மாதிரி இருக்கிறது. அதன் பெயர் ‘பொது எச்சரிக்கை நெறிமுறை’. ‘ஒயாசிஸ்’ என்ற தர நிர்ணய அமைப்பு அதன் முதல் பதிப்பை 2004ஆம் ஆண்டு ஏப்ரலில் ஏற்றது. இன்று வழங்கும் 1.2 என்னும் பதிப்பு 2010ஆம் ஆண்டில் வந்தது.

அந்த 2004ஆம் ஆண்டின் டிசம்பர் 26ஆம் நாளைக் கடற்கரைக்காரர் எவரும் மறக்க முடியாது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் ஆழிப்பேரலைக்கு இரையானார்கள். எச்சரிக்கையின் மாதிரி எட்டு மாதங்களுக்கு முன்பே காகிதத்தில் இருந்தது. ஆனால் அதை நிரப்பி அனுப்ப இந்தியப் பெருங்கடலுக்கு ஒரு சுனாமி எச்சரிக்கை நிலையம் இல்லை. ஹைதராபாத்திலுள்ள ‘இன்காய்ஸ்’ என்ற கடல் தகவல் சேவை மையத்தில் 2007ஆம் ஆண்டு அக்டோபரில்தான் அது தொடங்கப்பட்டது. மாதிரி மட்டும் இருந்தால் போதாது, அதைப் பயன்படுத்தும் கையும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று இல்லை.

அந்த மாதிரியில் என்ன இருக்கிறது? மூன்று அடுக்குகள் முக்கியமானவை.

முதல் அடுக்கு எச்சரிக்கை. அனுப்பியவர் யார், அனுப்பிய நேரம், இது உண்மையா ஒத்திகையா சோதனையா, புதிய செய்தியா திருத்தமா ரத்தா என்பன இதில் அடங்கும்.

இரண்டாம் அடுக்கு விவரம். என்ன ஆபத்து, எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு உறுதி, எப்போது தொடங்கும், எப்போது முடியும், மக்கள் என்ன செய்ய வேண்டும் என்பன இதில் வரும். மொழிக்கும் இங்கே தனி இடம் உண்டு. ஒரே எச்சரிக்கைக்குள் தமிழில் ஒரு விவரம், தெலுங்கில் ஒரு விவரம் என்று எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம்.

மூன்றாம் அடுக்கு இடம். வரைபடத்தில் மூலைகளைக் குறித்துச் சூழ்ந்த ஒரு பரப்பாக இதைச் சொல்லலாம்.

எங்கள் ஏரிக்கு இது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! ஏரி ஒன்று, மாநிலம் இரண்டு, மொழி இரண்டு. ஏரி முழுவதையும் சுற்றி ஒரே கோடு போட்டு, தமிழ் விவரமும் தெலுங்கு விவரமும் வைத்தால் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஒரே நேரத்தில் ஒரே செய்தி போய்ச் சேரும். புயலுக்கு மட்டுமல்ல, ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் மீனவர் கடலுக்குள் போகக்கூடாது என்று அறிவிப்பார்களே, அதற்கும் இதே மாதிரி உதவும்.

மாதிரியிலிருந்து மக்களிடம்

நம் நாட்டில் இந்த நெறிமுறையைப் பின்பற்றித் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காக ‘சசேத்’ என்ற எச்சரிக்கை அமைப்பை உருவாக்கியது நாம் முன்பு சந்தித்த சி-டாட்தான். 2023ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடெங்கும் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் அலறியது பலருக்கும் நினைவிருக்கும். அது சோதனைச் செய்தி. குறுஞ்செய்தி ஒவ்வோர் எண்ணாகத் தேடிப் போகும். இந்தச் செய்தியோ கோபுரத்திலிருந்து ஊர் ஒலிபெருக்கியைப் போல் அப்பரப்பிலுள்ள எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே சமயத்தில் போகும். எண் தெரிந்திருக்க வேண்டியதில்லை. “இது சோதனை” என்று அதில் தெளிவாக இருந்ததால் யாரும் அஞ்சி ஓடவில்லை. மாதிரியில் ‘உண்மையா, சோதனையா’ என்ற கட்டம் எதற்கு என்று அன்று விளங்கியிருக்கும்.

கைப்பேசிக் கோபுரத்தின் அலை, கரையிலிருந்து சுமார் 10, 12 கிலோமீட்டருக்கு அப்பால் எட்டாது. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர் பலருக்குச் செய்தியே எட்டவில்லை. பலர் திரும்பவேயில்லை. அதன்பின் 2019ஆம் ஆண்டு அக்டோபரில் ‘ஜெமினி’ என்ற சிறு கருவி அறிமுகமானது. ‘ககன்’ செயற்கைக்கோள் வழியாக இன்காய்ஸ் அனுப்பும் செய்தியை அக்கருவி வாங்கிப் பக்கத்திலுள்ள கைப்பேசிக்குத் தருகிறது. ஆனால் அது ஒருவழிப் பாதை. மீனவர் அதன் வழியே பதில் சொல்ல முடியாது.

இத்தனை கருவிகள் வருமுன்பே அண்டைய புதுச்சேரியின் வீராம்பட்டினத்தில் ஓர் அருமையான வேலை நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டு தொடங்கிய கிராம அறிவு மையங்களுள் ஒன்று அங்கே அமைந்தது. அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலை உயரக் கணிப்பைக் கணிப்பொறியில் எடுத்து, தமிழாக்கி, கடற்கரை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எங்கோ எழுதிய எண்ணை ஊர்க்காரர் காதில் விழும் சொல்லாக மாற்றியவர்கள் அவ்வூர்த் தொண்டர்கள். இன்று கருவி செய்யும் ‘மாற்று விதி’யை அன்று மனிதர்கள் செய்தார்கள். பின்னர் அதே நிறுவனம் ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ என்ற கைப்பேசிச் செயலியையும் மீனவர்க்காகக் கொண்டுவந்தது.

கட்டத்தில் இல்லாதவர்கள்

மாதிரியைப் புகழ்ந்தே எழுதினேன். இப்போது அதன் ஆபத்தையும் சொல்ல வேண்டும்.

எங்கள் ஏரியில் படகு இல்லாமலே பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் அவர்கள். பலருக்குப் பாட்டிலும் உரிமை இல்லை. “மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்” என்ற செய்தி அழகிய தமிழிலேயே வந்தாலும் அவர்கள், “நாம எங்கே கடலுக்குப் போறோம்? ஏரிக்குத்தானே!” என்று இறங்கிவிடுவார்கள். வாடைக்காற்று பலத்து ஏரித்தண்ணீர் ஏறும்போது அவர்களுக்கும் ஆபத்துதான்.

குற்றம் யாருடையது? இரவெல்லாம் விழித்திருந்து செய்தி அனுப்புகிறவர் மேல் கோபித்துப் பயனில்லை. ‘ஏரியில் இறங்குவோர் என்ன செய்ய வேண்டும்’ என்று ஒரு கட்டம் அங்கே நிரப்பப்படவில்லை. மாதிரி வழியில் ஒரு சொல்லை ஓரிடத்தில் எழுதினால் அது எல்லாக் கருவிக்கும் போய்ச் சேரும். அதேபோல் ஓரிடத்தில் விட்டுவிட்டால், எல்லாக் கருவியிலும் விட்டுப்போகும். நன்மை எவ்வளவு வேகமாகப் பெருகுமோ, குறையும் அவ்வளவு வேகமாகப் பெருகும்.

இதை நான் சொன்னபோது சகோதரி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் மாதிரி வரையும் மேசையில் கரையிலிருந்து ஒருத்தி உட்கார வேண்டும்” என்றார்.

செய்து பாருங்கள்

தோழியரே, ஒரு தாளை எடுத்து உங்கள் தெருவுக்கு ஓர் எச்சரிக்கை எழுதிப் பாருங்கள். நான் எழுதியது இது:

நிலை: ஒத்திகை.
வகை: புதிய செய்தி.
ஆபத்து: பலத்த வாடைக்காற்று, ஏரிநீர் ஏற்றம்.
அவசரம்: விரைவில். கடுமை: அதிகம். உறுதி: நடக்கக்கூடும்.
தொடக்கம்: விடியற்காலை 4 மணி. முடிவு: மாலை 6 மணி.
இடம்: பழவேற்காடு ஏரியும் முகத்துவாரமும்.
செய்ய வேண்டியது: படகுகள் முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டாம். கையால் இறால் பிடிப்போர் ஏரியில் இறங்க வேண்டாம். படகைக் கரையேற்றிக் கட்டவும்.

இதை அடுத்த விடுமுறையில் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “வலையையும் எடுத்து வெச்சுக்கச் சொல்லும்மா. அதையும் எழுதிக்க” என்றார். எழுதிக்கொண்டேன். மாதிரியில் ஒரு வரி கூடிற்று.

முடிவுரை

கணிப்பொறிப் பாடம் என்றால் அது பெரிய நகரத்தில் கண்ணாடிக் கட்டடத்தில் இருப்பவர்களுக்கு உரியது என்று நான் எண்ணியிருந்தேன். இப்போது அப்படி எண்ணவில்லை. நிரலின் பெரும்பகுதியைக் கருவி எழுதிவிடுமானால், மனிதர் செய்ய வேண்டியதாக மிஞ்சும் முக்கிய வேலை, எது தேவை, யாருக்குத் தேவை என்று சரியாகச் சொல்வதுதான். அதைச் சொல்லக் காற்றையும் ஏரியையும் அறிந்தவர்கள் வேண்டும். பாடு முறையை வகுத்த முன்னோர் நம் ஊர்க்காரர்கள்தாம். அவர்களுடைய பேத்திகளாகிய நாம் கணிதத்தையும் மொழியையும் நன்கு கற்று, அந்த மேசையில் ஓரிடம் பெறுவோமாக. பெற்ற பின், ஏரியில் இறங்கும் பெண்களுக்கும் அங்கே ஒரு கட்டம் வரைவோமாக.